மன்றோவின் தடத்தில் மூன்று மணி நேரம்: ஒரு பாரம்பரிய நடை பற்றி

சென்னையில் பாரம்பரிய நடைகளை நடத்திவரும் சிறு குழு ஒன்று, சென்னை மாகாண ஆளுநராக 1820 முதல் 1827 வரை இருந்த சர் தாமஸ் மன்றோவை மட்டுமே பொருளாகக் கொண்டு சனிக்கிழமைக் காலைகளில் ஒரு நடையை ஏற்பாடு செய்கிறது. கட்டணம் ஆளுக்கு 400 ரூபாய். எங்கள் பூர்விகம் தருமபுரிப் பக்கம். நிலவரி என்ற பேச்சு எழும்போதெல்லாம் மன்றோவின் பெயரைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்ததால், அந்த மனிதரை இவர்கள் எப்படிச் சொல்லப்போகிறார்கள் என்று அறியும் ஆவலுடன் போனேன்.

அண்ணா சாலையில் தீவுத்திடலை ஒட்டி நிற்கும் மன்றோவின் குதிரை வீரர் சிலையில் நடை தொடங்குகிறது. சேணமும் கால் வைக்கும் அங்கவடியும் இல்லாத குதிரை அது. அவற்றை வைக்க மறந்துவிட்ட சிற்பி வெட்கம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று ஊரில் உலவும் கதையை வழிகாட்டி முதலில் சொல்லிவிட்டு, பிறகு நிதானமாக மறுத்தார். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையையும் இப்படித்தான் சேணமின்றி வடித்திருக்கிறார். அது அவருடைய பாணியே தவிர மறதி அன்று. 1839இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையை ஆயிரம் முறையாவது பேருந்திலிருந்து பார்த்திருப்பேன். ஆனால் பீடத்தருகே நின்று அண்ணாந்து, பிடிமானம் ஏதுமில்லாமல் தொங்கும் அந்தக் கால்களைப் பார்த்தது அன்றுதான்.

இந்த நடையின் சிறப்பு, ஆளுநர் மாளிகையைவிடக் கலெக்டரின் கூடாரத்துக்கு அதிக நேரம் கொடுத்திருப்பதுதான். 1761இல் கிளாஸ்கோவில் பிறந்து, 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னையில் வந்திறங்கிய மன்றோ, திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் கைப்பற்றப்பட்ட பாராமகாலில் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதி) அதை நிர்வகித்த கேப்டன் ரீடின் உதவியாளராக ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். ஜமீன்தார் என்ற இடையாள் இல்லாமல், உழுபவனிடமே நேராக வரியைத் தீர்மானிக்கும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருப்பெற்றது. இதை விளக்கும்போது வழிகாட்டி ஒரு பழைய பட்டாவின் நகலை எங்கள் கைகளில் கொடுத்தார். புல எண், பரப்பு, தீர்வை என்று அடுத்தடுத்து நிற்கும் கட்டங்கள், எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கிடக்கும் தாத்தாவின் பட்டாவை அப்படியே நினைவூட்டின. இன்றும் தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நிலவரிக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கிறதே, அந்தச் சொல்லின் பின்னால் எவ்வளவு நீண்ட கதை இருக்கிறது!

எனக்கு நிறைவளிக்காத பகுதியும் இதுவே. உழவரின் நண்பர் என்ற ஒரே சித்திரத்தை மட்டும் தீட்டுவது போதாது. ஹைதராபாத் நிஜாம் விட்டுக்கொடுத்த கடப்பை, பெல்லாரிச் சீமைகளில் 1800 முதல் 1807 வரை கலெக்டராக இருந்தபோது தாம் விதித்த வரி அதிகம் என்பதை மன்றோவே உணர்ந்து, கால் பங்கு குறைக்கும்படி பரிந்துரைத்தார். அது அப்போது ஏற்கப்படவில்லை. அவர் ஆளுநரான பிறகே நடைமுறைக்கு வந்தது. அவர் மறைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, வரி வசூலுக்காக ரயத்துகள் எனப்பட்ட உழவர்கள் சித்திரவதை செய்யப்படுவதை விசாரிக்கச் சென்னையில் ஒரு குழுவே அமைக்க நேர்ந்தது. அதன் அறிக்கை 1855இல் வெளியானது. ரயத்துவாரியின் இந்த மறுபக்கத்துக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்கியிருக்கவேண்டும்.

ஒரு பிழையையும் குறிப்பிடவேண்டும். கொல்லம் அருகேயுள்ள மன்றோ தீவு இவர் பெயரால் அமைந்தது என்று சொன்னார்கள். அது திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரால் அமைந்தது. நடை முடிந்ததும் வழிகாட்டியிடம் தனியாகச் சொன்னேன். முகம் சுளிக்காமல் குறித்துக்கொண்டார்.

நடை, புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயத்தில் முடிகிறது. அந்த இடத்தில் வழிகாட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியது இன்னும் மனத்தில் நிற்கிறது. மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன என்று கணக்கெடுக்க 1822இல் மன்றோ ஆணையிட்டதையும், 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாக 1826இல் தெரியவந்ததையும் சொன்னார். இந்தியர் தம்மைத் தாமே ஆளும் நிலையை அடையும் நாளில் ஆங்கிலேயர் விலகிக்கொள்வதே முறை என்ற பொருள்பட அவர் 1824இல் எழுதிய குறிப்பையும் எடுத்துரைத்தார். பதவியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொண்டிருந்த நிலையில், தமக்குப் பிடித்த கடப்பைச் சீமை மக்களிடம் விடைபெறப் போன மன்றோ, 1827 ஜூலை 6 அன்று இன்றைய ஆந்திரத்தின் பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார். குத்தி என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1831இல் இந்தத் தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. திருமலையில் அவர் பெயரால் வழங்கும் நைவேத்தியப் பாத்திரமான மன்றோ கங்காளத்தையும், மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்தார் என்ற நம்பிக்கையையும் அவசரமாகத் தொட்டுவிட்டுப் போனார்கள். கேட்க ஆசையாக இருந்தும் நேரமில்லை.

கோட்டை வாயிலில் சோதனை உண்டு. அடையாள அட்டை கட்டாயம் வேண்டும். சிலையைச் சுற்றி நிழலே கிடையாது; சாலையைக் கடப்பதும் எளிதன்று. முதியவர்களை அழைத்துச் செல்வோர், முதல் முக்கால் மணி நேரத்தை விட்டுவிட்டுக் கோட்டையில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று குழுவினரே அனுமதிக்கிறார்கள். அடுத்த மாதம் என் தந்தையாரை அப்படித்தான் அழைத்துச் செல்லப்போகிறேன். தகரப்பெட்டியிலுள்ள பட்டாவையும் எடுத்துவரும்படி வழிகாட்டி கேட்டிருக்கிறார்.