சாலைக் கரைச் சரிவில் மண்ணை நிறுத்த: சில்ட் ஃபென்ஸா, தென்னைநார் உருளையா?

சில்ட் ஃபென்ஸ், அதாவது கம்புகளில் கட்டி நிறுத்தும் துணித் தடுப்பு, கரையின் அடிவாரத்துக்கு. துணி நீரை வடிகட்டுகிறது என்பார்கள். உண்மையில் நீரைத் தேக்கி, மண்ணைப் படியவிடுவதுதான் அதன் முக்கிய வேலை. 15 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, துணியின் அடியை உள்ளே மடித்து, மண் போட்டுத் திமிசு அடிக்க வேண்டும். கம்புகள் 2 மீட்டருக்கு ஒன்று, துணிக்குச் சரிவின் கீழ்ப்பக்கமாக. பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: துணியைத் தரையில் விரித்து மேலே நாலு பாண்டு மண் கொட்டினால், முதல் மழையிலேயே நீர் அடியில் துளைத்துவிடும். இரு முனைகளையும் மேட்டுப் பக்கம் வளைக்காவிட்டால் சுற்றிக்கொண்டு ஓடும். மூன்றில் ஒரு பங்கு உயரம் படிந்ததும் அள்ளிவிடுங்கள். ஓடைக்குக் குறுக்கே கட்டவே கூடாது.

தென்னைநார் உருளை சரிவின் நடுவில், சமமட்ட வரிசையாக. நீரின் வேகத்தை உடைக்கும். 5 முதல் 8 செ.மீ. புதைத்து, மீட்டருக்கு ஒரு முளை. இடைவெளி தெரியாமல் முனைகளை நெருக்கிக் கட்டுங்கள். மக்கிவிடும், பிறகு பிடுங்கும் வேலை இல்லை.

எது மேல் என்று சோதிக்க, ஒரே மண், ஒரே சரிவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒரே மழையில், ஒரே நேரத்தில், தடுப்புக்கு மேலும் கீழும் ஒரு லிட்டர் நீர் எடுத்து வடிகட்டி, தங்கிய மண்ணை 105 டிகிரியில் உலர்த்தி எடை பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை மணலில் இரண்டும் தேறும். பள்ளிக்கரணைக் களிமண்ணின் நுண்துகளை இரண்டுமே பிடிக்காது. அங்கே நீரைத் தேக்கி மண்ணைப் படியவிடும் படிவுக் குட்டையும் வேண்டும்.