பாலையா படங்கள்: எந்த டிஸ்க்கை வாங்கலாம், எதை விடலாம்

டி.எஸ்.பாலையாவின் நடிப்பில் பாதி, அடுத்தவர் வசனம் பேசும்போதுதான் நடக்கும். அதனால் அவர் படங்களை வாங்கும்போது கதாநாயகன் முகம் பளிச்சென்று தெரிகிறதா என்று பார்ப்பது வீண். சட்டத்தின் (ஃபிரேமின்) ஓரமும் அடிப்பக்கமும் மிஞ்சியிருக்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷன், டவுன் பக்கம் இன்னும் பழைய டிஸ்க் வைத்திருக்கிற கடைகளில் கிடைப்பவை மூன்று வகை: விசிடி, ஒரு படம் மட்டும் உள்ள டிவிடி, ஒரே தட்டில் மூன்று படம் திணித்த டிவிடி. நான்காவதாக இருப்பது யூடியூப்.

விசிடியை விட்டுவிடலாம். 352-க்கு 288 புள்ளிதான் அதன் கொள்ளளவு. 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சியை அதில் போட்டுப் பாருங்கள். நாகேஷ் தப்பித்துவிடுவார், அவர் அசைந்துகொண்டே இருப்பவர். பாலையா உட்கார்ந்த இடத்தில் இருந்தே கண்ணிலும் உதட்டிலும் பயத்தை ஏற்றிக்கொண்டு போவார். அந்தச் சின்ன அசைவுகளைத்தான் சுருக்கும் முறை முதலில் தூக்கி எறிகிறது. சவம், முகமெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும்.

மூன்று படம் ஒரே தட்டில் வருவதும் ஏறக்குறைய இதே கதிதான். 4.7 ஜிபி தட்டில் 160 நிமிடப் படம் ஒன்று மட்டும் இருந்தால் படத்துக்கு வினாடிக்கு 4 மெகாபிட் அளவு தகவல் கிடைக்கும். மூன்றைத் திணித்தால் 1.3 ஆகிவிடும், ஏறக்குறைய விசிடி அளவுதான். அட்டையில் 'டிவிடி தரம்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஒற்றைப் படத் தட்டு விலை கூடத்தான் இருக்கும், ஆனாலும் அதையே கேளுங்கள்.

வாங்கும்போது தட்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளியாக இருந்தால் அச்சுத் தட்டு. ஊதா நிறமாக இருந்தால் கடையிலேயே கணினியில் நகலெடுத்தது. அதன் சாயம் வெயிலில் வெளுக்கும், நம்மூர் வெயிலில் கடை வாசலில் தொங்கியதென்றால் சொல்லவே வேண்டாம். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் படம் நின்றுவிடும்.

யூடியூபில் படம் துலக்கமாகத்தான் இருக்கிறது. கோளாறு வேறு இடத்தில். அந்தக் காலச் சட்டம் கிட்டத்தட்ட 4-க்கு 3. இன்றைய டிவி 16-க்கு 9. திரையை நிரப்ப வேண்டும் என்று பலர் மேலும் கீழுமாகக் கால் பங்கு உயரத்தை வெட்டிவிட்டு ஏற்றுகிறார்கள். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் பாலையா தவில் வித்வான் முத்துராக்கு. தரையில் உட்கார்ந்து வாசிப்பவரின் தவில் சட்டத்தின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். வெட்டிய பிரதியில் கழுத்தும் தலையும் ஆடும், கையும் தவிலும் பாதி போயிருக்கும். சிவாஜிக்கு ஒன்றும் குறையாது, நாதஸ்வரம் மார்பு உயரத்தில் இருக்கிறது.

வெட்டாமல் இழுத்து விரித்த பிரதி என்றால் பிழைக்க வழி உண்டு. பொட்டோ வண்டிச் சக்கரமோ முட்டை வடிவில் தெரிந்தால் அது இழுத்தது. டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 4:3-க்கு மாற்றினால் சரியாகும். கணினியில் படம் ஓட்ட விஎல்சி மென்பொருள் வைத்திருப்பவர்கள் 'ஏ' எழுத்தை அழுத்திக்கொண்டே போனால் 4:3 வரும். வெட்டியது மட்டும் வெட்டியதுதான், திரும்பி வராது.

'திருவிளையாடல்' (1965) வாங்குபவர்கள் காதையும் கூர்மையாக்க வேண்டும். படம் வினாடிக்கு 24 சட்டத்தில் எடுத்தது. நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) வினாடிக்கு 25 சட்டம், அதனால் அந்த முறை டிவிடியில் பெரும்பாலும் அதையே 25 ஆக ஓட்டுகிறார்கள். 160 நிமிடம் 154-க்குள் முடிந்துவிடும். சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். ஹேமநாத பாகவதராக பாலையா வாயசைக்க, பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'ஒரு நாள் போதுமா' கொஞ்சம் கீச்சென்று கேட்டால் காரணம் இதுதான். பாகவதரின் செருக்கு அந்தக் கனத்த குரலிலும் நிதானத்திலும்தான் இருக்கிறது, வேகம் கூடினால் அதுவும் குறைகிறது. விஎல்சியில் வேகத்தை 0.96 ஆக்கி, ஒலியின் சுருதியைக் காக்கும் வசதியை அணைத்துவிட்டால் பழைய சுருதிக்கு இறங்கும். கோயில் கொடைகளில் குழாய் ஒலிபெருக்கியில் இந்தப் பட வசனம் கேட்டே வளர்ந்த ஊர் இது, வித்தியாசம் இங்கே சட்டென்று பிடிபடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கலர்ப் படங்களோடு நின்றுவிடுகிறார்கள். அது பாதிப் பாலையாதான். சுண்டங்கோட்டையில் 1914-ல் பிறந்தவர். அந்த ஊர் அன்று திருநெல்வேலி ஜில்லா, 1986-க்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டம். 1936-ல் எல்லிஸ் டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில் வில்லனாக வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். 1972-ல் மறைந்தார். நடுவே 'தூக்குத் தூக்கி'யில் (1954) சேட்டாக வந்து அரைகுறைத் தமிழ் பேசுவார். வில்லத்தனமும் சிரிப்பும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தன என்று பார்க்க அதுதான் சரியான படம். அதற்குப் பிறகு 'பாமா விஜயம்' (1967), மூன்று பிள்ளைகளின் தகப்பன். இந்த வரிசையில் பார்த்தால் கடைசியில் வரும் முத்துராக்கு இன்னும் நன்றாகப் புரிவார்.

கறுப்பு வெள்ளைத் தட்டுகளில் லேசாக நீலமோ பச்சையோ படிந்து வருவது சகஜம். தட்டை மாற்றக் கடைக்கு ஓட வேண்டாம். டிவியில் கலர் அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுப் பாருங்கள்.