கல்லடி சனிக்கிழமை மெய்யியல் வகுப்பு: டீயிசம் பாடத்தைத் தவறவிடாதீர்கள்

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் மெய்யியல் வகுப்புக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாகப் போகலாம், அதிலும் டீயிசம் பாடத்துக்குக் கட்டாயம் போங்கள்.

கடவுள் உலகத்தைப் படைத்தார், அது இயங்க விதிகளை வைத்தார், அதன் பிறகு அற்புதம், அசரீரி என்று எதன் வழியாகவும் தலையிடுவதில்லை, அவரை அறியப் பகுத்தறிவும் இயற்கையுமே போதும். டீயிசம் சொல்வது இதைத்தான். இதை நாத்திகத்தோடு போட்டுக் குழப்புகிறவர்கள் நம்மில் அதிகம், வகுப்பெடுக்கும் சேர் அதை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடுகிறார். டீயிசத்தின் முன்னோடியான ஆங்கிலேய மெய்யியலாளர் ஹெர்பர்ட் பிரபு 1624இல் வெளியிட்ட ஐந்து கோட்பாடுகளைப் பலகையில் எழுதினார்: கடவுள் உண்டு, அவரை வழிபட வேண்டும், நல்லொழுக்கமே வழிபாட்டில் முக்கியம், பாவத்துக்கு வருந்தித் திருந்த வேண்டும், நன்மை தீமைக்குப் பலன் உண்டு. கோயில், பள்ளிவாசல், சேர்ச் என்று மூன்று பக்கத்து ஆட்களும் இருந்த வகுப்பில் ஒருவரும் மறுக்கவில்லை. வேதமும் அற்புதமும் வேண்டாம் என்ற டீயிச எழுத்தாளர் தோமஸ் பெயினிடம் வந்தபோதுதான் சத்தம் கூடியது.

அப்புறம் கல்முனையிலிருந்து வரும் ஒரு அக்கா கேட்டார்: "அப்போ சுனாமி வரேக்க அவர் சும்மா பார்த்துக்கொண்டா இருந்தவர்?" விறாந்தை அடங்கிப்போனது. சேர் சமாதானம் சொல்லவில்லை. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் காலையில் போர்த்துக்கலின் லிஸ்பனில் நிலம் நடுங்கி, தேவாலயங்கள் இடிந்து, கடலும் ஏறி வந்ததையும், டீயிசத்தை ஏற்ற பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேரே அதைப் பார்த்து 'எல்லாம் நன்மைக்கே' என்ற பேச்சைக் கவிதையில் கடுமையாகக் கேள்வி கேட்டதையும் சொன்னார். கடல் விதிப்படி நடந்தது, யாருடைய பாவத்துக்கும் தண்டனையாக அது வரவில்லை என்பதுதான் டீயிசம் தரக்கூடிய பதில் என்றார். சுனாமியைக் கடவுளின் தண்டனை என்று நம் காதுபடப் பேசியவர்களை நினைத்தால் இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் மாமாங்கம் கோயிலில் நேர்த்தி வைக்கிறவருக்கு டீயிசத்தில் காது கொடுக்க ஆளில்லை, அந்த இடத்தில் என் மனம் ஒட்டவில்லை.

குறை என்றால், சைவ சித்தாந்தத்தின் ஐந்தொழிலோடு ஒப்பிடும் பகுதியைக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார். படைத்தலோடு நின்றுவிடும் கடவுளுக்கும், காத்தும் அழித்தும் மறைத்தும் அருளியும் ஓயாமல் தொழில் செய்யும் சிவனுக்கும் உள்ள வித்தியாசம் தனியாக ஒரு வகுப்புக்குரியது. போட்டோக்கொப்பியும் மங்கல், பாதி எழுத்து தெரியாது. கொப்பி கொண்டுபோய் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கேள்வியிருந்தால் இடையிலேயே கேளுங்கள், சேர் கோபிக்க மாட்டார்.