12 டொலர் வைக்கோல் கட்டும் 30 டொலர் வெள்ளைத் துணியும்

இந்த வருடம் பின்வளவில் ஸ்ரோபெரி நட்டவர்கள் ஒக்டோபர் முடிவதற்குள் ஒரு வைக்கோல் கட்டு வாங்கிக் கராஜுக்குள் போட்டுவிடுங்கள். ஹலோவீன் முடிந்த கையோடு ரொறன்ரோக் கடைகளில் வைக்கோலைத் தூக்கிவிட்டு நத்தார் மரங்களை நிறுத்திவிடுவார்கள். வின்ரருக்குச் செடியை மூட எங்களுக்கு அது தேவைப்படுவதோ நவம்பர் கடைசியில்.

நான் வாங்கியது மார்க்கம் வீதியால் வடக்கே ஏறினால் 48ஆம் நெடுஞ்சாலைக் கரையில் வரும் ஒரு பண்ணைக் கொட்டிலில். பூசணிக்காயோடு சேர்த்து வைத்து விற்கிறார்கள். கட்டு 12 டொலர். வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பெரிய கடையிலும் கேட்டேன். விலையும் கூட, கட்டும் பாதி பச்சை. வாங்கும்போது கட்டுக்குள் கையை விட்டு ஒரு பிடி இழுத்துப் பாருங்கள். நல்ல கோதுமை வைக்கோல் பொன்னிறமாக, தண்டு உள்ளே வெறும் குழாயாக இருக்கும். பச்சை வாசமும் இலையும் புல்விதையும் கையோடு வந்தால் அது மாட்டுக்குப் போடும் காய்ந்த புல். அதைப் போட்டீர்களென்றால் அடுத்த கோடை முழுக்கக் களை பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஊரில் எங்களுக்குத் தெரிந்தது நெல் வைக்கோல். நாலு மழை பட்டால் பாய் மாதிரிப் படுத்துவிடும். கோதுமைத் தண்டு விறைப்பானது, லேசில் படுக்காது. குழாய்க்குள்ளும் தண்டுகளுக்கு இடையிலும் நிற்கிற காற்றுத்தான் குளிரைத் தடுப்பது. “மேப்பிள் இலை ஓசியாகக் கொட்டிக் கிடக்க ஏன் காசைக் கொட்டுகிறாய்?” என்று இவர் கேட்டார். ஈர இலை ஒன்றோடொன்று ஒட்டிச் செடியை மூச்சு முட்ட வைக்கும் என்பதால் அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுக்கவில்லை.

என்னுடையது 4 அடி அகலம், 12 அடி நீளமான பாத்தி. கென்ட் இனம், நோவா ஸ்கோஷியாவின் கென்ட்வில் ஆய்வு நிலையத்தில் உருவானது. போன வருடம் மே மாதம் நட்டு, முதல் வருடப் பூவை எல்லாம் கிள்ளி, வேர் பிடிக்க விட்டேன். வின்ரருக்குப் பாத்தியின் ஒரு பாதிக்கு வைக்கோல், மறுபாதிக்குக் கடையில் வாங்கிய வெள்ளைப் பனித்துணி. 30 டொலர். பையில் ஸ்னோ மூடிய செடியின் படமும், வின்ரர் பாதுகாப்பு என்று பெரிய எழுத்தும்.

புதுச்செடிக்கு இதெல்லாம் ஏன் என்றால், அதன் வேர் இன்னும் மேலோட்டம். ஸ்னோ நிலையாகக் கிடந்தால் அதுவே போதும். இங்கே ஏரிக்கரையில் அப்படியா? ஒரு கிழமை கொட்டும், அடுத்த கிழமை மழை பெய்து கரைத்துவிடும். மண் உறைந்து இளகி உறைந்து செடியை வேரோடு மேலே தள்ளும். அடுத்த யூன் மாதத்துப் பூமொட்டு செப்ரெம்பர், ஒக்டோபரிலேயே குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. குருத்து -12 பாகைக்குக் கிட்டக் குளிர்ந்தால் அடிபடும். செடி பிழைத்தாலும் பழம் போய்விடும்.

சனவரிக் காற்றில் துணியின் நிலை தெரிந்துவிட்டது. கூட வந்த பிளாஸ்ரிக் ஆணிகள் குளிரில் பட் பட்டென்று முறிந்தன. துணி ஒரு மூலையிலிருந்து கிழிந்து வேலியில் போய்த் தொங்கியது. அதற்குக் கீழே கிடந்த செடிகளில் ஐந்தாறு மண்ணுக்கு மேலே வந்து, கறுத்த வேர் வெளியே தெரிய நின்றன. கடைக்குக் கொண்டுபோனால் 30 நாள் கடந்துவிட்டது என்கிறான் பெடியன். வின்ரருக்கு விற்கும் சாமானை வின்ரர் வருமுன் பரீட்சித்துத் திருப்பித் தர வேண்டுமாம்!

வைக்கோல் பக்கம் ஒரு செடி தவிர மற்றதெல்லாம் தப்பியது. அந்த ஒன்றும் எலி வேலை. வைக்கோலுக்குள் வயல் எலி கூடு கட்டும், அது இதில் உள்ள குறைதான். சிந்திய கோதுமை மணி வசந்தத்தில் அங்கொன்று இங்கொன்றாக முளைக்கும், விரலால் பிடுங்கலாம்.

போடும் நேரம் முக்கியம். முதல் உறைபனியைக் கண்டவுடன் ஓடிப்போய் மூடக் கூடாது. செடி குளிருக்குப் பழக வேண்டும், சூடு ஆறாத மண்ணில் மூடினால் குருத்து அழுகும். இரவு -6 பாகை அளவில் சில தரம் வந்து, இலை நிறம் மங்கித் தரையோடு படுத்த பிறகு போடுங்கள். அதுவரை மண் காய விடாமல் தண்ணீர் விடுங்கள். உரம் வேண்டாம், இளந்தளிர் விட்டுக் குளிரில் கருகும். காற்றில்லாத நாளாகப் பார்த்து, கட்டை உதறி உதறி, 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பொலபொலவென்று போட வேண்டும். பிறகு பூவாளியால் லேசாகத் தண்ணீர் தெளித்தேன். அன்றிரவே மேற்படை உறைந்து பிடித்துக்கொண்டது, பக்கத்து வீட்டுக்குப் பறக்கவில்லை. ஒரு கட்டு முழுப் பாத்திக்கும் காணும்.

ஏப்ரலில் வைக்கோலுக்குக் கீழே வெளிறிய மஞ்சள் இலை எட்டிப் பார்த்ததும் வரிசைகளுக்கு இடையில் ஒதுக்கிவிட்டேன். யூனில் பழம் மண் படாமல் அதன் மேலேயே கிடந்தது.

துணியை எறியவில்லை. மே மாதம் பூ விரிந்த பிறகு ஓர் இரவு உறைபனி வரும் என்றார்கள். விரிந்த பூவுக்கு -1 பாகையே போதும், நடு கறுத்துப் போகும். கிழியாத துண்டை மாலையில் விரித்து, ஓரத்துக்குக் கல் வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் அத்தனை பூவும் மஞ்சள் நடுவோடு அப்படியே. ஆகவே துணி வாங்குகிறவர்கள் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பையின் பின்பக்கத்தில் எடையைத் தேடுங்கள். சதுர மீற்றருக்கு 17 முதல் 20 கிராம் என்று இருந்தால் அது வசந்தத்துக்கு. வின்ரருக்கு என்றால் 40, 50 கிராமாவது வேண்டும், ஆணியும் இரும்பில் தனியாக வாங்க வேண்டும்.