செர்ரியா, நாவலா? வேலூர்க்காரர்கள் எதை வாங்கலாம்?

ஆனி மாதத்தில் வேலூர் நேதாஜி மார்க்கெட் பக்கம் போனால் இரண்டும் கண்ணில் படும். காஷ்மீரிலிருந்தும் இமாசலத்திலிருந்தும் பெட்டியில் வரும் செர்ரி ஒரு பக்கம், கூறு கட்டி விற்கும் நாவல் மறுபக்கம். உடம்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டுச் செர்ரிப் பெட்டியைக் கையில் எடுத்து, விலையைக் கேட்டதும் தயங்குபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம். பேக்கரி கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டை பெரும்பாலும் செர்ரியே அல்ல, களாக்காய். கொட்டையை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சாயம் ஏற்றியது. செர்ரியின் நன்மை எதுவும் அதில் கிடையாது. களாக்காயை ஊறுகாயாகப் போட்டுச் சாப்பிட்டால் எவ்வளவு அருமை! அதை இப்படிப் பாழாக்குகிறார்களே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

நூறு கிராம் இனிப்புச் செர்ரியில் சுமார் 63 கலோரியும் 13 கிராம் சர்க்கரையும் இருக்கின்றன. நாவலிலும் கலோரி ஏறக்குறைய அவ்வளவுதான். வைட்டமின் சி செர்ரியில் 7 மில்லிகிராம், நாவலில் அதைப் போல இரண்டு மடங்கு. செர்ரியின் பெருமைக்கெல்லாம் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி நாவலிலும் நிறையவே இருக்கிறது. நாவல் தின்றதும் நாக்கு ஊதாவாகிறதே, அந்த நிறம் அதுதான்.

செர்ரி தெளிவாக முந்துவது ஓரிடத்தில். யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் மூட்டு திடீரென வீங்கிக் கொதிக்கும் கவுட் நோய்க்காரர்கள் 633 பேரைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு நாள் செர்ரி சாப்பிட்டவர்களுக்கு அந்த வலி வரும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது. செர்ரிதான் குணப்படுத்தியது என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனாலும் நாவலுக்கு இந்த அளவு சான்று கூட இல்லை. கவுட் உள்ளவர், கைக்கு எட்டினால், பருவத்தில் செர்ரி வாங்கட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

தூக்கத்துக்கு உதவும் என்று சொல்லப்படுவது புளிப்புச் செர்ரி. நம் கடைகளுக்கு வருவது இனிப்பு வகை.

சர்க்கரை நோயாளிகள் நாவலை நம்புவது காலங்காலமாக இருந்து வருகிறது. நாவல் கொட்டைப் பொடி பற்றிய ஆய்வுகளில் பலவும் விலங்குகளிடம் செய்யப்பட்டவை. மருந்துக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்வது ஆபத்து. பழமாக ஒரு கைப்பிடி தின்பதில் தவறில்லை. சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் நாவலே சாதகம்: நூறு கிராம் செர்ரியில் சுமார் 220 மில்லிகிராம், நாவலில் 80தான். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்கு என் ஓட்டு நாவலுக்கே. குளிர்காலக் குளிர் இல்லாமல் செர்ரி மரம் காய்க்காது. ஆகவே நம் வெயிலுக்கு அது எப்போதும் வெளியூர்ப் பழம்தான். வந்து சேர்வதற்குள் காம்பு காய்ந்து, அடிப்பக்கம் குழைந்துவிடுவதும் உண்டு. காம்பு பச்சையாகவும் தோல் விறைப்பாகவும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். நாவலில் உதிர்ந்து வெடித்தவற்றைத் தள்ளிவிட்டு, முழுப் பழங்களாகப் பொறுக்கி, உப்புத் தண்ணீரில் அலசித் தின்னலாம். சிறு குழந்தைகளுக்கு எதைக் கொடுத்தாலும் கொட்டையை எடுத்துவிட்டே கொடுங்கள்.