இரும்புப் பறிப்பு: வலை வீசுவதா, நேரே பிடுங்குவதா, ரத்த அணுவை உடைப்பதா?

மனித உடலில் மூன்று, நான்கு கிராம் இரும்பு உண்டு. ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ரத்தத்தில் ஓடுவதை, இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கணக்குப் போட்டால், ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் தனித்துத் திரியும் ஃபெரிக் (இரும்பு) அயனி லிட்டருக்கு ஒன்றுகூடத் தேறாது. நம் உடலில் பெருக நினைக்கும் பாக்டீரியாவுக்கோ மைக்ரோமோலார் அளவில், அதாவது அதைவிட மிகப் பன்மடங்கு, வேண்டும். அதனால் அது நம்மிடமிருந்து இரும்பைப் பறிக்கிறது. அதற்கான மூன்று வழிகளைப் பார்ப்போம்.

ஈ.கோலை வலை வீசும் ரகம். அது வெளியே விடும் வலை, எண்டரோபாக்டின் என்ற சிடரோஃபோர், அதாவது இரும்பைப் பிடித்துவரும் சிறு மூலக்கூறு. அது இரும்பை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்று காட்டும் பிடிமான எண், ஒன்றுக்குப் பின் 49 சுழி. டிரான்ஸ்ஃபெரினுக்குச் சுமார் 20 சுழிதான். இதைப் பார்த்துவிட்டு எண்டரோபாக்டினுக்கு முதலிடம் கொடுப்பவர்கள் உண்டு; அது அவசரத் தீர்ப்பு. முதல் சிக்கல், சிடரோகாலின் என்ற நம் புரதம் அதை இரும்போடு சேர்த்தே விழுங்கிவிடும். இரண்டாவது, அவ்வளவு இறுக்கமான பிடியிலிருந்து இரும்பைக் கழற்ற, உள்ளே ஃபெஸ் நொதி மூலக்கூறையே வெட்ட வேண்டும். ஒரு முறைக்கு ஒரு வலை காலி. சால்மோனெல்லா அதே மூலக்கூறில் குளுக்கோஸை ஒட்டி சிடரோகாலினுக்குத் தப்புகிறது. ஏரோபாக்டின் என்ற இன்னொரு சிடரோஃபோரின் பிடி 23 சுழிதான். ஆனால் சிடரோகாலினிடம் சிக்காது, மறுபடியும் பயன்படும். கடும் வீரியமுள்ள கிளெப்சியெல்லா வகைகள் இதை நம்பியிருப்பதில் வியப்பில்லை.

மூளைக்காய்ச்சலையும் கொனோரியாவையும் உண்டாக்கும் நெய்சீரியாக்கள் நேரே பிடுங்கும் ரகம்; சொந்தமாக சிடரோஃபோர் செய்வதில்லை. அவற்றின் மேற்பரப்பில் உள்ள டிபிபி-பி என்ற புரதக் கை, இரும்பு ஏறிய டிரான்ஸ்ஃபெரினாகப் பார்த்துப் பிடிக்கும். டிபிபி-ஏ என்ற புரத வாயில் இரும்பை மட்டும் உருவி உள்ளே விடும். புரதம் வெளியிலேயே நின்றுவிடும். வீணடிப்பு இல்லை. விலை வேறு இடத்தில்: மனித டிரான்ஸ்ஃபெரின் மட்டுமே பொருந்தும். எலியில் சோதிக்க, மனித டிரான்ஸ்ஃபெரினையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இருப்பு அதிகம் உள்ள இடம் சிவப்பணுதான்: ஒன்றில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின், ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு. மூன்றாவது ரகமான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா நச்சால் அணுவை உடைக்கிறது. அதன் ஐஎஸ்டி-பி என்ற புரதம், ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் வளையமான ஹீமைப் பிடுங்க, அது செல்சுவரில் உள்ள ஐஎஸ்டி-ஏ, சி புரதங்கள் வழியாகக் கைமாறி உள்ளே போகிறது. அங்கே ஐஎஸ்டி-ஜி நொதி அந்த வளையத்தை அறுத்து இரும்பை விடுவிக்கிறது. பேராசைப்பட்டால் ஆபத்து. மிகுதி ஹீம் நஞ்சு, அதை வெளியேற்றத் தனிப் பம்பு வேண்டும்.

ஆய்வகத்தில் இம்மூன்றையும் ஒரே சோதனையால் அளக்க முடியாது. சிஏஎஸ் என்ற சாயமும் இரும்பும் கலந்த நீல நிற வளர்ப்புத் தட்டில் (சிஏஎஸ் அகார்) ஆரஞ்சு வளையம் தெரிந்தால் சிடரோஃபோர் உண்டு என்பார்கள். நெய்சீரியா வழி இதில் தெரியவே தெரியாது. அகாரில் சேர்க்கும் எச்டிடிஎம்ஏ என்ற வேதிப்பொருள், ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற பல கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களை வளரவே விடாது. 'வளையம் இல்லை' என்று தவறாக எழுதிவிடுவோம். ஊடகத்தில் பாஸ்பேட் கூடினால் பாக்டீரியா இல்லாமலே நிறம் மாறும். டைபிரிடில் சேர்த்து இரும்பைக் கட்டிய திரவ ஊடகத்தில் வளர்த்து, பாக்டீரியாவை நீக்கிய தெளிநீரைத் தனியாகச் சோதிப்பதே மேல். கண்ணாடிக் கலங்களை முதலில் அமிலத்தில் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இரும்பே சிடரோஃபோர் உற்பத்தியை நிறுத்திவிடும்.

மருத்துவத்தில் கவனிக்க வேண்டியது டெஃபெராக்சமைன். உடலின் மிகை இரும்பை வெளியேற்றத் தரும் இந்த மருந்தே ஒரு சிடரோஃபோர். குடலைத் தாக்கும் யெர்சினியா என்டரோகொலிடிகா என்ற பாக்டீரியா அதைத் தன் வலையாகவே பயன்படுத்திக்கொள்ளும். அதனால், இந்த மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் முதலில் மருந்தை நிறுத்திவிட்டு யெர்சினியாவைத் தேடுவார்கள்.