ஐ3 விண்டோ மேனேஜர்: வருஷக்கணக்கா ஓட்டின அனுபவம்

வீட்டு டெஸ்க்டாப்ல டெபியன் லினக்ஸ் போட்டு அதுல ஐ3தான் ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு, ஸ்கிரீன்ல விண்டோக்கள அடுக்கி வைக்கற புரோகிராம் இது. இத பத்தி பேசுறவங்க பாதி பேர் கலர் கலரா ஸ்கிரீன்ஷாட் காட்டுறதோட சரி, நாள் முழுக்க டெர்மினல் (கமாண்ட் அடிக்கற விண்டோ) தொறந்து மூடிட்டே இருக்கறவனுக்கு இது தோதுப்படுமான்னு சொல்றதில்ல.

டைலிங்னாலே, அதாவது விண்டோக்கள ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஓடு பதிச்ச மாதிரி வைக்கறதுன்னாலே, எல்லாம் தானா அடுக்கிக்கும்னு நெனச்சு வந்தா ஏமாந்துடுவீங்க. 2009லேர்ந்து இருக்கற ஐ3 அடிப்படையில ஒரு மேனுவல் டைலர், எங்க பிரிக்கணும்னு நாமதான் சொல்லணும். மாட் (ஆல்ட் இல்லன்னா விண்டோஸ் கீ, நாம தேர்ந்தெடுக்கறது) அழுத்தி என்டர் தட்டினா டெர்மினல் வந்துடும், ஆனா ஒண்ணு பக்கத்துல ஒண்ணா வரிசையா நிக்கும். என்னோடது 1920க்கு 1080 மானிட்டர், நாலு தொறந்தா ஆளுக்கு 480 பிக்சல், 80 எழுத்து அகலம்கூட வராது, லாக் (புரோகிராம் எழுதற பதிவு) ஓடவிட்டா ஒவ்வொரு வரியும் ரெண்டா மூணா மடிஞ்சு விழும். மாட் வி அடிச்சுட்டு தொறந்தா கீழ வரும்தான், அத ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வச்சு அடிக்கறதுக்கா இங்க வந்தோம்?

இதுக்கு மருந்து ஆட்டோடைலிங்னு ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட், ஐ3 கான்ஃபிக் ஃபைல்ல (செட்டிங்ஸ் எழுதற ஃபைல்) ஒரே வரி. ஃபோகஸ்ல இருக்கற, அதாவது நாம டைப் பண்ணா போய் சேர்ற விண்டோ அகலமா இருந்தா பக்கவாட்டுல பிரிக்கும், உயரமா இருந்தா மேலயும் கீழயுமா பிரிக்கும், அவ்ளோதான். முதல் ரெண்டு பாதி பாதி, மூணாவது வலது பாதிக்கு கீழ போகும். நாலாவத அப்படியே தொறந்தா மூலையில சுருங்கிடும், அதனால அதுக்கு முன்னாடி மாட் ஜே அடிச்சு இடது பக்கம் போயிட்டு தொறக்கணும், அழகா ரெண்டுக்கு ரெண்டு கட்டம் கிடைக்கும். இது கை பழகிடுச்சுன்னா அப்புறம் யோசிக்கவே வேணாம்.

ஒரு எரிச்சல் மட்டும் உண்டு. மவுஸ் எங்க போகுதோ ஃபோகஸும் அங்க போகும், டிஃபால்ட் அப்படி. டேபிள் லேசா ஆடி மவுஸ் நகர்ந்தா அடுத்த டெர்மினல் சம்பந்தமே இல்லாத இடத்துல போய் பொறக்கும். கான்ஃபிக்ல ஃபோகஸ்_ஃபாலோஸ்_மவுஸ் நோன்னு போட்டுட்டுதான் மறுவேலை.

டிடபிள்யூஎம்னு இன்னொரு டைலிங் விண்டோ மேனேஜரும் ஓட்டி பாத்தேன், அது நிஜமாவே ஆட்டோமேட்டிக். ஆனா புதுசா வர்றது பெரிய இடத்துல உக்காந்துடும், நாம பாத்துட்டு இருந்தது ஓரத்துக்கு தள்ளப்படும். கம்பைல் ஓடுறத பாத்துட்டு இருக்கும்போது ஒரு டெர்மினல் தொறந்தா கண்ணு அத தேடி ஓடணும், எனக்கு ஒத்து வரல. சின்ன மாற்றத்துக்கும் சி ஃபைல திருத்தி மறுபடி கம்பைல் பண்ணணும் வேற.

உண்மைய சொல்லணும்னா நாலுக்கு மேல எந்த லேஅவுட்டும் உதவாது. அந்த இடத்துல காலியான ஒர்க்ஸ்பேஸுக்கு போயி முதல்லயே மாட் டபிள்யூ அடிச்சுட்டு தொறந்தா எல்லாம் டேப் ஆயிடும், ஒவ்வொண்ணுக்கும் முழு அகலம். சர்வர் லாக் எல்லாம் எனக்கு அப்படித்தான் கிடக்கு.

வீட்ல மத்தவங்களும் அதே கம்ப்யூட்டர தொடுவாங்கன்னா லாகின் ஸ்கிரீன்ல எக்ஸ்எஃப்சிஇன்னு வழக்கமான டெஸ்க்டாப்பும் இருக்கட்டும், ஐ3ல மினிமைஸ் பட்டன் எங்கன்னு கேட்டா பதில் சொல்ல முடியாது. வேலாண்டுக்கு (லினக்ஸ்ல ஸ்கிரீன்ல படம் காட்டற புது முறை) போறவங்க ஐ3 மாதிரியே இருக்கற ஸ்வே பாருங்க, ஐ3 கான்ஃபிக் பெரும்பாலும் அப்படியே ஓடும், ஆட்டோடைலிங்கும் ஓடும்.